பூச்சி பிடிக்கிற செடிங்களும் குளிர்காலமும்: எத தூங்க விடணும், எத விடக்கூடாது

குளிர்காலம் ஆரம்பிச்சாலே பூச்சி பிடிக்கிற செடி புதுசா வளக்குறவங்க கேக்குற கேள்வி ரெண்டு தான். ஒண்ணு, "என் வீனஸ் ஃப்ளைட்ராப் இலையெல்லாம் கருப்பாயிட்டே வருது, செத்துப் போச்சா?" இன்னொண்ணு, "நெப்பந்தஸ்ல புது குடுவையே வரமாட்டேங்குது, என்ன உரம் போடலாம்?" முதல் கேள்விக்கு பதில், பெரும்பாலும் சாகல, தூங்கப் போகுது. ரெண்டாவதுக்கு பதில், உரத்த கீழ வைங்க, காத்துல ஈரப்பதம் எவ்ளோ இருக்குன்னு பாருங்க. பிரச்சனை எங்க வருதுன்னா, இந்த ரெண்டு செடியையும் கடையில பக்கத்து பக்கத்துல வச்சு விக்கிறாங்க, நாமளும் வாங்கிட்டு வந்து ஒரே ஜன்னல்ல வச்சு ஒரே மாதிரி கவனிக்கிறோம், கோடைல அது எப்படியோ ஓடிடும், ஆனா குளிர்காலத்துல ஒண்ணுக்கு வேண்டியது இன்னொண்ணுக்கு விஷம்.

அதனால தண்ணி, லைட்டுன்னு போறதுக்கு முன்னாடி முதல் வேலை இது.

1. உங்ககிட்ட இருக்குறது எந்த செடின்னு கண்டுபிடிங்க

பேர் எழுதின அட்டை தொலைஞ்சு போச்சுன்னாலும் பரவால்ல, பாத்தாலே ஓரளவு சொல்லிடலாம்.

தூங்குற கூட்டம்: வீனஸ் ஃப்ளைட்ராப், அதாவது பல்லு வச்ச வாய் மூடுறது. சரசீனியா, மண்ணுலேர்ந்து நேரா குழல் குழலா மேல நிக்கிறது. டார்லிங்டோனியா, பாம்பு படம் எடுத்த தோரணையில நிக்குமே அது (புதுசா வளக்குறவங்க கையில இது இருக்க வாய்ப்பு கம்மி). அப்புறம் சன்ட்யூ (ட்ரோசிரா), அதாவது இலை ரோமத்துல பசைத் துளி வச்சு பூச்சிய ஒட்ட வைக்கிறது, அந்த வகையில குளிர் நாட்டு ஆளுங்க, ட்ரோசிரா ரொட்டண்டிஃபோலியா, ஆங்கிளிக்கா, ஃபிலிஃபார்மிஸ் இதெல்லாம்.

தூங்காத கூட்டம்: நெப்பந்தஸ், இலை நுனியில கொடி நீண்டு அதுல குடுவை தொங்குறது. ட்ரோசிரா கேப்பென்சிஸ், அலிசியே, ஸ்பேட்டுலேட்டா, அடெலே மாதிரியான சன்ட்யூங்க. ஹெலியாம்ஃபோரா, தென்னமெரிக்க மலையில வளர்ற குழல் செடி. சின்னச் சின்னப் பூவா பூத்துத் தள்ளுற தரை வகை யூட்ரிகுலேரியாவும் இதுல தான்.

ரெண்டுலயும் சேராத கூட்டம்: மெக்சிகோ பிங்குயிக்குலா, தரையோட ஒட்டின பசை இலையில பூச்சி பிடிக்கிறது. இது குளிருக்காகத் தூங்குறதில்ல, வறட்சிக்காக உடம்ப மாத்திக்கும். இதப் பத்தி தனியா சொல்றேன். செஃபலோட்டஸ் (ஆஸ்திரேலியாவோட குட்டிக் குடுவைச் செடி) கூட நடுவுல தான், கொஞ்சம் குளிர்ச்சி இருந்தா சந்தோஷமா இருக்கும், வளர்ச்சி மெதுவாகும், ஆனா முழுசா தூங்காது.

ஏன் இப்படின்னா பொறந்த ஊரு தான் காரணம். வீனஸ் ஃப்ளைட்ராப் இயற்கையா வளர்றது உலகத்துலயே அமெரிக்காவோட வட கரோலினா, தென் கரோலினா கடலோரப் பகுதியில மட்டும் தான். அங்க டிசம்பர்ல பகல் நேரம் கிட்டத்தட்ட 10 மணி நேரம் தான், ஜனவரி ராத்திரியில சூடு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல இறங்கும். சரசீனியா பர்ப்யூரியா இன்னும் மேல போய் கனடா வரைக்கும் சதுப்பு நிலத்துல உறைஞ்சு கிடந்து மறுபடி எழும்புற செடி, நியூஃபவுண்ட்லாந்து அண்ட் லாப்ரடார் மாகாணத்தோட மாநில மலரே அது தான். நெப்பந்தஸோட பெரும்பாலான வகைங்க தென்கிழக்காசியக் காட்டுல, வருஷம் முழுக்க பகல் 12 மணி நேரம் இருக்குற இடத்துல வளர்றது. அதுக்கு குளிர்காலம்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது.

அட்டையும் இல்ல, பாத்தும் புரியலன்னா ஒரு போட்டோ எடுத்து விஷயம் தெரிஞ்சவங்க கிட்ட காட்டிடுங்க. தப்பான செடிய ஃப்ரிட்ஜுல வைக்கிறத விட அது மேல்.

2. தண்ணி

இதுல குளிர்காலம் கோடைன்னு வித்தியாசம் கிடையாது: மழைத்தண்ணி, டிஸ்டில்டு வாட்டர், இல்லன்னா சுத்தமான ஆர்ஓ தண்ணி. இந்தச் செடிங்க வளர்ற மண்ணுல தாது உப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்ல, அதனால தான் பூச்சி பிடிக்கவே கத்துக்கிச்சு, குழாய்த் தண்ணியில இருக்குற உப்பு மண்ணுல சேந்துச்சுன்னா வேர் கருகிடும். டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்குற உப்ப அளக்குற கருவி, ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, 50 பிபிஎம்முக்குக் கீழ காட்டுனா நிம்மதியா ஊத்தலாம். வீட்டு ஆர்ஓ மெஷின்ல பலதுல கடைசியா ருசிக்காக மினரல் சேக்குற ஃபில்டர் இருக்கும், அப்ப அது குடிக்கத்தான் நல்லது, செடிக்கு இல்ல. மீட்டர்ல பாக்காம நம்பாதீங்க. காய்ச்சி ஆற வச்ச தண்ணிய ஊத்துறேன்னு சில பேர் சொல்வாங்க, காய்ச்சுனா கிருமி தான் போகும், உப்பு போகாது.

அளவு தான் குளிர்காலத்துல மாறும். கோடைல தொட்டிய தட்டுல வச்சு ரெண்டு மூணு சென்டிமீட்டர் தண்ணி எப்பவும் நிக்க விடுவோம்ல, தூங்குற செடிக்கு அத நிறுத்திடுங்க. மண்ணு தொட்டா ஈரமா இருக்கணும், பிழிஞ்சா சொட்டக்கூடாது. தட்டுல கொஞ்சமா ஊத்தி அது உறிஞ்சினதுக்கு அப்புறம் சில நாள் காலியா விட்டு மறுபடி ஊத்துங்க. குளிருல தண்ணி ஆவியாகாது, செடியும் குடிக்காது, அப்ப நின்ன தண்ணியில கிழங்கு அழுகும். அதே சமயம் தூங்குது தானேன்னு மறந்துட்டு காய விட்டாலும் போச்சு. அழுகினதுக்கு அடுத்தபடியா செடி போறது காய்ஞ்சு தான்.

3. தூங்குற செடிங்கள தூங்க வைக்கிறது

பகல் நேரம் குறைய ஆரம்பிச்சதும் செடியே ஜாடை காட்டும். வீனஸ் ஃப்ளைட்ராப்ல புதுசா வர்ற இலை குட்டையா, அகலமா, தரையோட ஒட்டிப் படுத்துக்கும், ட்ராப் (பூச்சி பிடிக்கிற வாய்) சின்னதாகும், தொட்டா மெதுவா மூடும் இல்ல மூடவே மூடாது. பழைய நீள இலை ஒவ்வொண்ணா நுனியிலேர்ந்து கருக்கும். சரசீனியால குழல் மேலேர்ந்து பழுப்பாகி கீழ இறங்கும், சில வகையில குழலே இல்லாம தட்டையா கத்தி வடிவத்துல இலை வரும், அத பாத்து நோயின்னு பயப்படாதீங்க, குளிர்காலத்துல பூச்சியே இல்லாதப்ப குழல் கட்டி என்ன பண்றதுன்னு செடி வெளிச்சம் வாங்க மட்டும் விடுற இலை அது. குளிர் நாட்டு சன்ட்யூ இன்னும் ஒரு படி மேல, எல்லா இலையையும் விட்டுட்டு நடுவுல பட்டாணி சைஸ்ல ஒரு இறுகின பச்சை மொட்டா ஆயிடும். பசையும் இருக்காது, கையும் இருக்காது. தெரியாதவங்க தொட்டி காலின்னு நினைச்சு கொட்டிடறாங்க.

இந்த நேரத்துல நாம பண்ணக்கூடாதது ரெண்டு. முதல்ல, செடி சோர்ந்து போச்சேன்னு சூடான ஹாலுக்கு தூக்கிட்டு வந்து க்ரோ லைட் அடியில வைக்காதீங்க. ஒரு வருஷம் தூங்காம தாக்குப் பிடிக்கலாம், ஆனா தூக்கமே இல்லாம ஓட்டினா வருஷத்துக்கு வருஷம் இளைச்சு, ட்ராப் சின்னதாகி, ஒரு நாள் காரணமே தெரியாம போயிடும். ரெண்டாவது, பூச்சி கொடுக்காதீங்க. குளிருல செரிமானம் நடக்காது, உள்ள போன பூச்சி அப்படியே அழுகி ட்ராப்பையும் சேத்து அழுக வைக்கும். ட்ராப்ப விரலால குத்தி விளையாடுறதும் வேண்டாம், ஒரு தடவ மூடித் திறக்க செடி செலவு பண்ற சக்தி கொஞ்சநஞ்சம் இல்ல, இப்ப வரவே இல்லாத நேரம்.

எங்க வைக்கலாம்? வேண்டியது 0 லேர்ந்து 10 டிகிரி வரைக்கும் சூடு (செல்சியஸ்ல தான் சொல்றேன்), 3 லேர்ந்து 4 மாசம். வடக்கு அரைக்கோளத்துல தோராயமா நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும், தெற்குல இருந்தா மாச பேர அப்படியே திருப்பிப் போட்டுக்கோங்க. பகல்ல அப்பப்ப 12, 13 போனா ஒண்ணும் ஆகாது.

குளிர் ஊர்ல இருந்தா ஹீட்டர் போடாத ரூம் ஜன்னல், கண்ணாடி போட்ட பால்கனி, கராஜ் ஜன்னல், வெளிய மூடாத ஷெட்டு இதெல்லாம் சரி. லேசா உறைபனி விழுந்தா வீனஸ் ஃப்ளைட்ராப்பும் சரசீனியாவும் தாங்கும், ஆனா தொட்டி முழுக்க நாள் கணக்குல கட்டியா உறைஞ்சு போறது வேற கதை. தரையில இருக்குற செடிக்கு அடியில பூமி சூடு இருக்கு, தொட்டிக்கு நாலு பக்கமும் குளிர் தான். உறைஞ்ச மண்ணுலேர்ந்து வேரால தண்ணி இழுக்க முடியாது, மேல காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும், அப்ப செடி குளிருல சாகல, தாகத்துல சாகுது. அந்த மாதிரி ராத்திரிகள்ல உள்ள எடுத்து வைங்க, இல்லன்னா தொட்டிய பெரிய டப்பாக்குள்ள வச்சு சுத்தி காஞ்ச இலை, பைன் ஊசி எதையாவது திணிச்சு மேலயும் மூடுங்க. வெளிச்சம் பத்தி ரொம்ப கவலைப்பட வேண்டாம், இருந்தா நல்லது, பச்சையா இருக்குற இலை அத வாங்கிக்கும், சூடு தான் முக்கியம்.

குளிரே வராத ஊரா, இல்ல வீடு முழுக்க சூடா? அப்ப ஃப்ரிட்ஜ் தான். கேக்க வேடிக்கையா இருக்கும், வீட்ல இருக்குறவங்க ஒரு மாதிரி பாப்பாங்க, ஆனா இது நல்லா வேலை செய்யுற முறை, எப்படி பண்றதுன்னு விலாவரியா சொல்லிடறேன்.

கோடை வெயில்லேர்ந்து நேரா ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளாதீங்க. ரெண்டு மூணு வாரம் வெளிச்ச நேரத்த குறைச்சு வீட்லயே குளிர்ச்சியான இடத்துல வச்சு, பூச்சி கொடுக்குறத நிறுத்தி, புது இலை சின்னதா வர்றத பாத்துட்டு ஆரம்பிங்க. அப்புறம் செடிய தொட்டியிலேர்ந்து மெதுவா எடுத்து, வேருல ஒட்டியிருக்குற பீட் மாஸ (சதுப்பு நிலத்துப் பாசி மக்கின மண்ணு) டிஸ்டில்டு வாட்டர்ல அலசுங்க. வேர் கருப்பா இருக்கும், வீனஸ் ஃப்ளைட்ராப்புக்கு வேர் கருப்பு தான், அழுகல்னு நினைச்சு வெட்டிடாதீங்க, அழுகினது கொழகொழன்னு கையோட வரும், அத மட்டும் எடுங்க. கருத்த இலை எல்லாத்தையும் அடியோட கிள்ளிடுங்க, பச்சை இலை இருந்தா இருக்கட்டும். நீள ஸ்ஃபேக்னம் மாஸ (காஞ்ச சதுப்புப் பாசி) நனைச்சு, தண்ணி சொட்டாத அளவுக்கு நல்லா பிழிஞ்சு, அதால வேரையும் கிழங்கையும் சுத்தி ஜிப் லாக் கவர்ல போட்டு, கவர் மேல செடி பேரும் தேதியும் எழுதி, ஃப்ரிட்ஜுல காய்கறி தட்டுக்கு மேல எங்கயாவது வைங்க. ஃப்ரீசர்ல இல்ல. பின் சுவத்த ஒட்டியும் வேண்டாம், சில ஃப்ரிட்ஜுல அங்க உறைஞ்சிடும். 3 லேர்ந்து 5 டிகிரி இருந்தா போதும். பழுக்குற பழத்தோட சேத்து வைக்காதீங்க, அதுலேர்ந்து வர்ற எத்திலீன் வாயு தூங்குற மொட்டுக்கு ஆகாது.

வேர அலசுறதுக்கு மனசு வரலையா, தொட்டியோடயே கவர்ல போட்டு வைக்கலாம், இடம் தான் அடைக்கும், கூடவே பழைய மண்ணுல பூஞ்சை இருந்தா அதுவும் கூடவே போகும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ வெளிய எடுத்துப் பாத்து, காத்து மாத்தி, பூஞ்சை இருக்கா மாஸ் காஞ்சிருக்கான்னு பாருங்க. குறைஞ்சது 10, 12 வாரம் விடணும். இடையில சரி போதும்னு பொறுமை இல்லாம எடுக்குறவங்க தான் அதிகம்.

சரசீனியாவுக்கும் இதே தான், கிழங்கு பெருசா இருக்குறதால கவரும் பெருசு, குழல பாதி வெட்டிட்டு வைக்க வேண்டியிருக்கும். வெளிய வைக்க இடம் இருந்தா மட்டும் சரசீனியாவோட பச்சைக் குழல இலையுதிர் காலத்துலயே வெட்டாதீங்க, பாதி பழுப்பானாலும் பச்சை இருக்குற வரைக்கும் கிழங்குக்கு சாப்பாடு சேக்குது. பழுப்ப மட்டும் கத்தரிச்சு விடுங்க. முழுசா வெட்டுற வேலை குளிர்காலம் முடியுற சமயத்துல.

விதையிலேர்ந்து வந்த குட்டிச் செடிங்களுக்கு முதல் வருஷம் தூக்கம் கட்டாயம் இல்ல, லைட் அடியில வளத்துக்கிட்டே போகலாம். அதே மாதிரி நடு குளிர்காலத்துல கடையிலேர்ந்து புதுசா வாங்கின செடி சூடான கண்ணாடி வீட்ல வளந்து தளதளன்னு இருந்தா, அத அன்னிக்கே குளிருக்குள்ள போடாதீங்க. வெளிச்சமான குளிர்ச்சியான ஜன்னல்ல வச்சு இந்த வருஷத்த ஓட்டிட்டு அடுத்த வருஷம் முறையா தூங்க விடுறது தான் என் கட்சி.

4. செத்துப் போச்சா, தூங்குதா?

இது தான் எல்லாரையும் படுத்துற விஷயம், அதனால செஞ்சு பாத்துடுங்க. மேல இருக்குற கருப்பு இலைங்கள ஒவ்வொண்ணா ஒதுக்கினா மண் மட்டத்துக்கு கொஞ்சம் கீழ இலைக்காம்போட அடிப்பாகங்க ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெங்காயம் மாதிரி ஒரு உருண்டை இருக்கும். அது வெள்ளையா, இல்ல லேசா ரோஸ் கலந்து, விரல் நுனியால அழுத்தினா கெட்டியா இருந்துச்சுன்னா உயிரோட இருக்கு, மேல ஒரு பச்சை கூட இல்லன்னாலும் சரி. பழுப்பா, அமுக்கினா உள்ள போயி தண்ணி விட்டா அந்தப் பக்கம் போயிடுச்சு. பாதி தான் அழுகியிருந்தா சுத்தமான பிளேடால அழுகின பாகத்த வெள்ளை தெரியுற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு புது மாஸ்ல வைங்க, ஒரு துண்டுலேர்ந்து கூட வரும்.

தினமும் தோண்டிப் பாக்காதீங்க. ஒரு தடவ பாத்தா போதும்.

5. தூங்காத செடிங்க

இவங்களுக்கு எதிரி மூணு: வெளிச்சம் குறையுறது, காத்து காயுறது, ராத்திரி ஜன்னல் கண்ணாடி குளிர்.

நெப்பந்தஸ எடுத்துக்கோங்க. குளிர்காலத்துல ஹீட்டர் ஓடுற ரூம்ல காத்து ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழ கூட போகும், அப்ப இலை நல்லா தான் இருக்கும், நுனியில வர்ற குடுவை மொட்டு மட்டும் ஊதாம அப்படியே காஞ்சு கருகிடும். செடிக்கு நோய் இல்ல, குடுவை கட்ட ஈரம் பத்தல, அவ்ளோ தான். 50 சதவீதத்துக்கு மேல கொண்டு வர முடிஞ்சா மறுபடி கட்டும். ஹியுமிடிஃபையர் இருந்தா வேலை சுலபம். இல்லன்னா செடிங்கள கூட்டமா ஒண்ணா வைங்க, பழைய மீன் தொட்டியில வச்சு மேல பாதி மூடுங்க. ஸ்ப்ரே அடிக்கிறது மனசுக்குத் திருப்தி தரும், பத்து நிமிஷத்துல காஞ்சிடும், நான் அத ஒரு வழியாவே சொல்லமாட்டேன். ஹீட்டர் காத்து நேரா படுற இடத்துல மட்டும் எந்தக் காரணம் கொண்டும் வைக்காதீங்க.

சூடு விஷயத்துல நெப்பந்தஸ்லயே ரெண்டு சாதி. தாழ்நில வகை, ஆம்புல்லேரியா, பைகல்கரேட்டா, ராஃப்ளேசியானா இதெல்லாம் ராத்திரியும் 18 டிகிரிக்குக் கீழ போனா முகம் சுளிக்கும். மலை வகைங்க ராத்திரி 10, 15 டிகிரி வரைக்கும் இறங்குறத விரும்பவே செய்யும். கடையில பேர் இல்லாம விக்கிறது பெரும்பாலும் வென்ட்ரேட்டாங்கிற கலப்பு வகை, அது ரெண்டுக்கும் நடுவுல எதையும் தாங்குற கெட்டிக்காரி, வீட்ல நமக்கு வசதியா இருக்குற சூடு அதுக்கும் வசதி. தண்ணி மேலேர்ந்து ஊத்துங்க, மேல் மண்ணு லேசா காய ஆரம்பிச்சதும், அடியில வழிஞ்சு போகட்டும், தட்டுல நிக்க விடாதீங்க, அது சதுப்பு நிலச் செடி இல்ல. ரூம் சூட்டுல இருக்குற தண்ணியா இருக்கட்டும். பழைய குடுவை காஞ்சா காஞ்ச வரைக்கும் வெட்டுங்க, இலைய வெட்டாதீங்க. தூக்கிட்டுப் போகும்போது குடுவைல இருந்த திரவம் கொட்டிட்டா மூணுல ஒரு பங்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி விடுங்க, போதும். உரத்த மண்ணுல போடுற யோசனைய அடுத்த ஜென்மத்துக்கு தள்ளி வைங்க.

கேப்பென்சிஸ் சன்ட்யூ இருக்கே, புதுசா வளக்குறவங்களுக்கு அத விட நல்ல செடி கிடையாது. தென்னாப்பிரிக்காவோட கேப் பகுதி ஆளு, தூக்கம் கேக்காது, தட்டுல தண்ணி, நல்ல வெளிச்சம், அவ்ளோ தான். குளிர்காலத்துல பசைத் துளி குறைஞ்சு இலை சிவப்பு போயி வெறும் பச்சையானா வெளிச்சம் பத்தலன்னு அர்த்தம். மத்த செடித் தொட்டிங்கள சுத்திப் பறக்குற கறுப்பு குட்டிக் கொசு இருக்குமே, அத இது குளிர்காலம் பூரா தின்னு தீர்த்துடும், தனியா பூச்சி தேட வேண்டாம். அப்படி எதுவும் இல்லன்னா காஞ்ச ப்ளட்வார்ம், மீன் சாப்பாடா விக்கிறது, அத ரெண்டு சொட்டு டிஸ்டில்டு வாட்டர்ல ஊற வச்சு பல்குத்தும் குச்சி நுனியால ஒரு துணுக்கு எடுத்து இலை மேல வைங்க. சில நிமிஷத்துல சுத்தி இருக்குற சிவப்பு ரோமங்க அது பக்கம் சாயும், சில மணி நேரத்துல இலையே மடங்கிச் சுருட்டிக்கும். ஒரு இலைக்கு ஒரு துணுக்கு, மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ. அதிகம் வச்சா பூஞ்சை பிடிக்கும்.

வெளிச்சத்துக்கு க்ரோ லைட் வாங்குறதா இருந்தா வெள்ளை எல்ஈடி போதும், ஊதா கலர்ல எரியுறது அவசியம் இல்ல, கண்ணுக்கும் தொல்லை. செடிக்கு மேல 15 லேர்ந்து 30 சென்டிமீட்டர் உயரத்துல, டைமர் போட்டு 12 லேர்ந்து 14 மணி நேரம். ஒரு விஷயம், இந்த லைட் அடியில தூங்குற செடியையும் சேத்து வச்சுடாதீங்க, 14 மணி நேர வெளிச்சத்துல அது கோடைன்னு நினைச்சு முழிச்சுக்கும். லைட் இல்லாதவங்க வடக்கு அரைக்கோளத்துல தெற்கு பாத்த ஜன்னல்ல வைங்க, கண்ணாடிய துடைச்சு விடுங்க, ராத்திரி ரொம்ப குளிருற ஊருன்னா இலை கண்ணாடியத் தொடாம ஒரு அடி உள்ள தள்ளி.

6. மெக்சிகோ பிங்குயிக்குலா தனி ரகம்

கோடைல அகலமா பசை இலை வச்சிருந்த செடி, பகல் குறையவும் நடுவுல நூறு குட்டி தடிச்ச இலையா நெருக்கமா விட ஆரம்பிக்கும், பசை இருக்காது, பாத்தா பாலைவனச் செடி. மெக்சிகோல அது வளர்ற பாறையில குளிர்காலம்னா வறட்சி, அதுக்காக தண்ணிய இலைக்குள்ள சேத்து வச்சுக்குது. இந்த உருவத்துக்கு மாறினதும் தட்டுத் தண்ணிய எடுத்துடுங்க, மண்ணு கிட்டத்தட்ட காஞ்சதும் கொஞ்சமா ஊத்துங்க, ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம். குளிர்காலக் கடைசியில இந்த குட்டி இலைய பக்கவாட்டுல மெதுவா அசைச்சு அடியோட கழட்டி ஈர மாஸ் மேல படுக்கப் போட்டா சில வாரத்துல ஒவ்வொண்ணுலேர்ந்தும் குட்டிச் செடி வரும். செலவில்லாம செடி பெருக்க இத விட நல்ல நேரம் இல்ல. இதே பேர்ல குளிர் நாட்டு பிங்குயிக்குலாவும் இருக்கு, அது சன்ட்யூ மாதிரி மொட்டா சுருங்கித் தூங்குற ஜாதி, அத குளிருல தான் வைக்கணும்.

தலைகீழா இருக்குற ஒரு கூட்டமும் உண்டு, ஆஸ்திரேலியாவோட கிழங்கு சன்ட்யூங்க. அதுங்க குளிர்காலத்துல வளந்து, கோடைல மண்ணுக்குள்ள கிழங்கா தூங்கும். உங்ககிட்ட அது இருந்தா இந்தக் கட்டுரைய அப்படியே திருப்பிப் படிங்க.

7. பூஞ்சை, பூச்சி

குளிர், ஈரம், காத்தோட்டம் இல்லாத இடம், செத்த இலை, இந்த நாலும் சேந்தா சாம்பல் பூஞ்சை வந்தே தீரும். சாம்பல் நிறத்துல பஞ்சு பஞ்சா செத்த இலை மேல உக்காந்து அப்படியே உயிரோட இருக்குற மொட்டுக்கு தாவும். மருந்து தேடுறத விட வாரத்துக்கு ஒரு தடவ செத்த இலைய கிள்ளி எடுக்குறது தான் உண்மையான மருந்து. வந்துடுச்சுன்னா பாதிச்ச பாகத்த எடுத்துட்டு சல்ஃபர் பூஞ்சைக்கொல்லிய தண்ணியில கலந்து அடிங்க, செம்பு கலந்த மருந்து இந்தச் செடிங்களுக்கு ஆகாது, பாட்டில் பின்னாடி படிச்சுட்டு வாங்குங்க. சின்ன ஃபேன் ஒண்ண சுவத்தப் பாத்து ஓட விட்டா கூட காத்து அசையும்.

வசந்தம் நெருங்கும்போது புது இலை கோணல் மாணலா வந்தா அசுவினி இருக்கான்னு பூதக்கண்ணாடி வச்சு நடுவுல பாருங்க. வீனஸ் ஃப்ளைட்ராப்பா இருந்தா தொட்டியோட டிஸ்டில்டு வாட்டர்ல ஒரு நாள், ரெண்டு நாள் முழுசா முக்கி வைங்க, செடி தாங்கும், அசுவினி தாங்காது.

8. எழுப்புறது

குளிர்காலக் கடைசி, வடக்குல பிப்ரவரி பின்பாதியும் மார்ச்சும், தொட்டி மாத்த சரியான சமயம், ஏன்னா வேர் இன்னும் ஓட ஆரம்பிக்கல. உரம் சேக்காத பீட் மாஸும் பெர்லைட்டும் (வெள்ளையா லேசா இருக்குற எரிமலைக் கல் துகள்) சம அளவு, டிஸ்டில்டு வாட்டர்ல ஊற வச்சு. பாக்கெட்ல உரம் கலந்ததுன்னு சின்ன எழுத்துல போட்டிருந்தா அங்கயே வச்சுட்டு வந்துடுங்க. பீட் மாஸ் கிடைக்கலன்னு கோகோபீட் போடுறவங்க நல்ல தண்ணியில பல தடவ அலசி, பிழிஞ்ச தண்ணிய மீட்டர்ல பாத்து டிடிஎஸ் இறங்கினதுக்கு அப்புறம் போடுங்க, அதுல உப்பு நிறைய ஒட்டியிருக்கும். வளர்ற முனை மண்ணுக்குள்ள புதையக்கூடாது, வெள்ளை பாகம் மட்டும் மூடியிருக்கணும்.

சரசீனியாவோட பழைய குழலெல்லாம் இப்ப அடியிலேர்ந்து சில சென்டிமீட்டர் விட்டு வெட்டலாம், பூ மொட்டு மேல வர்றதுக்கு முன்னாடியே வெட்டிடுங்க, இல்லன்னா கத்தரியில மொட்டும் சேந்து போகும். பர்ப்யூரியா, சிட்டாசினா ரெண்டும் இலைய குளிர்காலத்துலயும் பச்சையா வச்சிருக்கும், அதுங்கள மொட்டையடிக்காதீங்க.

ஃப்ரிட்ஜுலேர்ந்து எடுத்தத உடனே உச்சி வெயில்ல வைக்காம ஒரு வாரம் நிழல்ல, அப்புறம் காலை வெயில்ல, அப்புறம் முழு வெயில்ல. முதல் ரெண்டு மூணு வாரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி தெரியும். தட்டுத் தண்ணிய மறுபடி ஆரம்பிங்க. வீனஸ் ஃப்ளைட்ராப்ல முதல் இலைங்களோடயே நடுவுலேர்ந்து உருண்டையா, இலையில்லாம ஒரு தண்டு நேரா மேல ஏறும், அது பூத்தண்டு. செடி நல்லா தடிமனா இருந்தா பூக்க விடுங்க. தூங்கி எழுந்து இளைச்சுப் போயிருந்தா விரல் நீளம் வந்ததும் வெட்டிடுங்க, அந்த சக்தி இலைக்குப் போகட்டும், வெட்டின தண்ட ஈர மாஸ்ல சொருகி வச்சா சில சமயம் அதுலேர்ந்தே குட்டி வரும். புது ட்ராப் முழுசா விரிஞ்சு, உள் ரோமத்த 20 செகண்டுக்குள்ள ரெண்டு தடவ தொட்டா படக்குன்னு மூடுற அளவுக்கு வந்ததும் பூச்சி கொடுக்கலாம், ட்ராப் நீளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல பெருசு வேண்டாம்.